பாடம் கேட்ட காலம்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டதும், என் காதில் முதலில் ஒலித்தது எங்கள் தமிழய்யாவின் குரல்தான். பொருள் சொல்லுமுன் எந்தப் பாட்டையும் இரண்டு தரம் வாசிப்பார். முதல் தரம் ஓசைக்கு. இரண்டாம் தரம் சொல் பிரித்துப் பொருளுக்கு. "மொதல்ல காது கேக்கட்டும்யா, அப்புறம் புத்தி கேக்கும்" என்பார். கடைசி பெஞ்சில் நாங்கள் சிரித்துக்கொள்வோம். அது எத்தனை பழைய வழக்கம் என்பது பின்னால்தான் புரிந்தது.

நம் முன்னோர் நூல் கற்பதைப் 'பாடம் கேட்டல்' என்றே சொன்னார்கள். காரணம் இருக்கிறது. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது. எகர ஏகாரத்துக்கு வேற்றுமையும் இராது. 'எரி' என்றாலும் 'ஏரி' என்றாலும் ஒரே வடிவந்தான். நெருப்பா, நீர்நிலையா என்பதை வாசிக்கிறவர் வாய்தான் தீர்மானிக்க வேண்டும். ஆக, உரக்க வாசிப்பதே ஒரு நூலுக்கு முதல் உரையாக இருந்தது.

மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் மாணவராகச் சேர்ந்தவர் உ.வே.சாமிநாதையர். ஆசிரியர் முன்னிலையில் வாசித்து, கேட்டு வளர்ந்தவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியை அவர் கையில் கொடுத்தார். அத்தனை நூல் கற்றவருக்கும் அது எளிதில் பிடிபடவில்லை. அந்த ஊரிலேயே சமணர் வீடுகளில் சிந்தாமணியை வாசித்துப் பொருள் சொல்லும் வழக்கம் இருந்தது. அங்கே போய்க் கேட்ட பிறகுதான் பல இடங்கள் அவருக்குத் தெளிந்தன. 1887இல் நூல் அச்சேறியது. ஏட்டில் மட்டுமல்ல, வாசிப்பவர் நாவிலும் கேட்பவர் செவியிலுமாகத்தான் அந்தக் காப்பியம் பிழைத்திருந்தது.

அச்சு வந்தது, புள்ளியும் இடைவெளியும் வந்தன. இனி வாசித்துக் காட்ட என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். அந்தத் தவற்றை நானும் செய்தேன். வேறோர் ஊரில் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், போர்ஷன் முடிய வேண்டுமே என்று நோட்ஸ் மட்டும் சொல்லி வந்தேன். ஒரு நாள் ஒரு மாணவி வந்து, "சார், அர்த்தம் எல்லாம் எழுதியிருக்கேன். ஆனா பாட்டை எப்படிப் படிக்கறதுன்னுதான் தெரியல" என்றாள். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கும் பெண்! எனக்குத் தலை குனிந்தது.

அன்றிரவு மறுநாள் பாட்டை எடுத்து, நிறுத்த வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடிட்டு, வீட்டிலேயே நாலு முறை வாய்விட்டுப் படித்தேன். படிக்கும்போதுதான் தெரிந்தது, இரண்டு இடங்களில் எனக்கே பொருள் தெளிவில்லை என்பது! தெரியாததை நோட்ஸில் மறைக்கலாம்; குரலில் மறைக்க முடியாது. ஓய்வு பெறும்வரை அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

இன்று நம் கல்லூரியில் பயிலும் தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளை வகுப்பில் நிற்கப் போகிறீர்கள். விளக்கம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். பாட்டை நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் அய்யா இன்று இல்லை. ஆனால் அவர் வாசித்த பாட்டு ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை.