கிடங்கு என்னும் சொல்லும் கொச்சியின் கலைக்கூடங்களும்

2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே இந்தியாவின் மிகப் பெரிய சமகாலக் கலைக் கண்காட்சியாக இன்று அறியப்படுகிறது. ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று தொடங்கிய இம்முயற்சி, பெருந்தொற்றுக் காலத் தடையையும் கடந்து, 2025 டிசம்பரில் நிகில் சோப்ராவின் நெறியாள்கையில் ஆறாம் பதிப்பை எட்டியது. இக்கண்காட்சிக்கெனக் கட்டப்பட்ட அருங்காட்சியகம் எதுவும் இல்லை. ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் இல்லம், பெப்பர் ஹவுஸ், மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கிடங்குகள் எனப் பழைய வணிகக் கட்டடங்களே அதன் கூடங்கள். மிளகும் இஞ்சியும் கயிறும் அடுக்கப்பட்டிருந்த இடங்களில் இன்று ஓவியங்களும் நிறுவுகலைப் படைப்புகளும் வைக்கப்படுகின்றன.

பண்டம் வெளியேறிய இடத்தில் கலை குடியேறும்போது, அவ்விடத்தின் வரலாற்றில் எது நினைவில் நிற்கிறது, எது நழுவிப் போகிறது? கலை விமர்சகர்கள் இவ்வினாவைப் படைப்புகளை முன்வைத்து ஆராய்வர். மொழியியல் மாணவன் என்ற முறையில் நான் சில சொற்களை முன்வைத்து அணுக விரும்புகிறேன்.

முதற்சொல் கிடங்கு. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான இச்சொல்லோ, இதனோடு உறவுடைய தெலுங்கு வடிவமோ கடல் கடந்து மலாய் மொழியில் ‘குடாங்’ ஆயிற்று என்பது அறிஞர் பலர் ஏற்கும் கருத்து. அங்கிருந்து போர்த்துக்கீசியரும் ஆங்கிலேயரும் அதனை எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேயர் வாயில் ‘கோடவுன்’ ஆகி, மீண்டும் நம் பேச்சு வழக்கில் ‘குடோன்’ என வந்து சேர்ந்தது. நம் கரையிலிருந்து புறப்பட்ட சொல் அயற்சொல்லாகத் திரும்பியிருக்கிறது. அச்சொல்லின் பயணம் இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் பயணமே ஆகும். மலையாளத்தில் வணிகக் கிடங்கைக் குறிக்கும் ‘பாண்டிகசாலை’யைக் கேட்கும் தமிழர்க்குப் ‘பண்டகசாலை’ நினைவுக்கு வரும். மட்டாஞ்சேரியின் கடைவீதியில் நடப்பவர் இரு மொழிகளின் பொதுச்சொத்துக்குள் நடக்கிறார்.

இரண்டாம் சொல் கண்காட்சியின் பெயரிலேயே உள்ளது. முசிறி, சேரர் துறைமுகம். அகநானூற்றின் 149ஆம் பாடலில் யவனரின் மரக்கலங்கள் பேரியாற்றின் நுரை கலங்க வந்து, பொன்னைத் தந்து மிளகைப் பெற்றுச் செல்கின்றன. புறநானூற்றின் 343ஆம் பாடலிலும் மிளகு மூட்டைகளும் கலங்கள் கொணரும் பொன்னும் காட்சியாகின்றன. கிரேக்க, இலத்தீன் நூல்கள் இதனை ‘முசிரிஸ்’ என்றன. வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம் ஒன்று இத்துறைமுக வணிகத்திற்கான கடன் ஏற்பாட்டையும் ‘எர்மபொல்லோன்’ என்னும் கப்பலின் சரக்கையும் பதிவு செய்கிறது. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் பழைய துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கருத்து. கேரள வரலாற்று ஆய்வு மன்றம் 2007 முதல் பட்டணம் என்னும் ஊரில் நடத்திய அகழாய்வுகளில் உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. பட்டணமே முசிறியா என்ற விவாதம் அறிஞரிடையே இன்னும் தொடர்கிறது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்காட்சி தாங்கியிருப்பது முசிறி என்ற வடிவத்தை அன்று. கிரேக்கர் வழங்கிய ‘முசிரிஸ்’ என்ற வடிவத்தை. உலகக் கலைச் சந்தையில் அறிமுகமாவதற்கு அவ்வடிவம் எளிது என்பது உண்மையே. ஆயினும் வந்தவர் வைத்த உச்சரிப்பில் நம் ஊரை நாமே அழைக்கும்போது, எவர் பார்வையிலிருந்து கடந்த காலத்தைக் காண்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. முதற்பதிப்பில் விவான் சுந்தரம் ஆஸ்பின்வால் இல்லத்தில் அமைத்த ‘கறுப்புத் தங்கம்’ என்ற படைப்பு இக்கேள்விக்கு ஒருவகை விடை தந்தது. பட்டணம் அகழாய்வில் ஒதுக்கப்பட்ட பானையோட்டுச் சில்லுகளைக் கொண்டு அவர் ஒரு நகரத்தைத் தரையில் பரப்பினார்; அதனிடையே மிளகைச் சிதறவிட்டார். பொன்னும் மணியும் தவிர்த்து, எளிய மக்களின் கையில் புழங்கி உடைந்த மண்கலமே அங்கு முசிறி ஆயிற்று. ஆய்வாளர் எண்ணி முடித்து ஒதுக்கியதைக் கலைஞர் மீண்டும் சான்றாக்கினார்.

மூன்றாம் சொல் சாப்பா. இந்தியில் ‘சாப்’ என்றால் முத்திரை. கீழைக்கடல் வணிகத்தில் ஆங்கிலேயர் முத்திரையைக் குறிக்க வழங்கிய ‘சாப்’ என்ற சொல்லும் அதன் வழிவந்ததே. கொச்சித் துறைமுகத்திலோ அச்சொல்லுக்கு வேறொரு பொருள் ஏறியது. அன்றைய வேலைக்கான உலோக வில்லைக்கு அங்கே சாப்பா என்று பெயர். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கூட்டத்தின் நடுவே வில்லைகளை எறிவர். முட்டி மோதிப் பொறுக்கியவருக்கே அன்று கூலி. இம்முறைக்கு எதிராகத் துறைமுகத் தொழிலாளர் நடத்திய போராட்டத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. செய்து, செய்தலவி என்ற இருவர் குண்டடிபட்டு இறந்தனர். அந்தோணி என்பவர் காவல்துறையின் சித்திரவதைக்குப் பலியானார். கே. எம். சிதம்பரன் இதனை நாடகமாக்கினார். அதனைத் தழுவி ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ என்ற மலையாளத் திரைப்படம் 2023இல் வெளிவந்தது.

மட்டாஞ்சேரி அரண்மனையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1555 அளவில் போர்த்துக்கீசியர் கட்டி கொச்சி அரசருக்கு அளித்து, 1663க்குப் பின் டச்சுக்காரர் புதுப்பித்த அவ்வரண்மனை இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். இராமாயணச் சுவரோவியங்களும் அரசர் உருவப்படங்களும் பல்லக்குகளும் அங்கு உள்ளன. அரண்மனை அரசரை நினைவுகூர்கிறது. கிடங்கு தன் சுமைதூக்கியை அவ்வாறு நினைவுகூர்வதில்லை. சாப்பாவின் கதையை அறியாத பார்வையாளருக்குக் கிடங்கின் உத்தரமும் உதிர்ந்த காரையும் கலைப்படைப்புக்கு வாய்த்த அழகிய பின்புலமாகவே தெரியும். அறிந்தவருக்கு அவையும் காட்சிப்பொருள்களே.

பண்டத்தோடு மனிதரும் பண்டமாக ஏற்றப்பட்ட வரலாற்றைக் கொச்சியில் வெளிப்படையாக வைத்தவர் தென்னாப்பிரிக்கக் கலைஞர் சூ வில்லியம்சன். அனிதா துபே நெறிப்படுத்திய 2018ஆம் ஆண்டுப் பதிப்பில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டு நன்னம்பிக்கை முனையில் விற்கப்பட்டவர்களின் விவரங்களைப் பருத்தி உடைகளின்மேல் எழுதிக் காட்சிப்படுத்தினார். ‘நூற்றுப்பத்தொன்பது விற்பனைப் பத்திரங்கள்’ என்பது படைப்பின் பெயர். கேப்டவுன் கோட்டை வளாகத்தின் சேற்றுநீரில் தோய்ந்த அவ்வுடைகள் ஆஸ்பின்வால் இல்லத்தில் வரிசையாகத் தொங்கின.

அக்காலக் கேப் ஆவணங்களின் பெயரிடும் முறை மொழியியலாளர் கூர்ந்து நோக்கத்தக்கது. அடிமைக்கு உரிமையாளர் இட்ட பெயர் முன்னால் நிற்கும்: செப்டம்பர், பிப்ரவரி என மாதப் பெயராகவோ, கியூபிடோ எனத் தொன்மப் பெயராகவோ அது இருக்கலாம். அதன்பின் ‘இன்ன இடத்தைச் சேர்ந்த’ என்று பொருள்படும் ‘வான்’ என்ற டச்சு இடைச்சொல் வரும். ‘வான் மலபார்’, ‘வான் பெங்காலன்’, ‘வான் கோரமண்டல்’ என்று அது முடியும். கோரமண்டல் என்பது சோழமண்டலம் என்பதன் திரிபு என்று பெரும்பாலோர் கொள்வர். ஆக, தாய் தந்தையர் இட்ட பெயர் அழிந்தபின் அம்மனிதரிடம் எஞ்சியது திரிந்துபோன ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. அதுவும் பிறந்த ஊராக இருக்க வேண்டியதில்லை; கப்பலேறிய துறையாகவோ, விற்றவர் கூறிய இடமாகவோ இருக்கலாம். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் டச்சுக் கப்பல்களில் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். தமிழக வரலாற்றுப் பாடங்களில் கடல்கடந்த வணிகம் பெற்றுள்ள இடத்தை இந்த ஏற்றுமதி பெறவில்லை.

ஆஸ்பின்வால் இல்லத்திலிருந்து சிறிது தொலைவில், வெளி என்ற பகுதியில், தோபி கானா உள்ளது. அங்கே துணி வெளுப்போர் தமிழ் வண்ணார் சமூகத்தினர். டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டனர் என்பது அவர்தம் குடிவழக்கு. இப்போதுள்ள பொதுச்சலவைக் கூடம் 1976இல் அமைந்தது. அதே டச்சுக் கம்பெனியின் பெயரால் தமிழ்நிலத்து மனிதர் சிலர் கேப் கோட்டைக்கும் சிலர் கொச்சிக் கோட்டைக்கும் போயினர். விற்கப்பட்டவரையும் வேலைக்கு அழைக்கப்பட்டவரையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. இருவரின் நிலையும் வேறு. ஆனால் இருவரையும் நகர்த்திய நிறுவனம் ஒன்று. முன்னவரின் விவரங்கள் எழுதிய உடைகள் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் கலைக்கூடத்தில் தொங்கின. பின்னவரின் வழித்தோன்றல்கள் நடந்து செல்லும் தொலைவில் இன்றும் கயிற்றில் துணி உலர்த்துகின்றனர்.

கொச்சிக்குச் செல்லும் மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். படைப்பின் விவரக்குறிப்பைப் படித்தபின் கட்டடத்தின் வரலாற்றையும் கேளுங்கள்: இங்கு என்ன சரக்கு இருந்தது, யார் சுமந்தனர், அவர்களுக்குக் கூலி எவ்வாறு கிடைத்தது என்று. தமிழாய்வுக்குரிய பணிகள் இரண்டு அங்கே காத்திருக்கின்றன. வண்ணார் குடியிருப்பில் வழங்கும் தமிழையும் அதன் தொழிற்சொற்களையும் முறையாகப் பதிவு செய்ய வேண்டும். டச்சு ஆவணங்களில் ‘வான் கோரமண்டல்’, ‘வான் மலபார்’ எனக் குறிக்கப்பட்டோரின் பெயர்களைத் தொகுத்து, அவற்றுள் எங்கேனும் திரிந்த தமிழ்ப் பெயரோ மலையாளப் பெயரோ எஞ்சியுள்ளதா என ஆராய வேண்டும். முசிறியின் மிளகைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அம்மூட்டைகளைத் தூக்கியவர்களைப் பற்றியும், மூட்டையைப் போலவே ஏற்றப்பட்டவர்களைப் பற்றியும் எழுத வேண்டியது இன்னும் மிகுதியாக உள்ளது.