சாட் ஏரி

சகாரா பாலைவனத்தின் தெற்கே சாட், நைஜர், நைஜீரியா, கேமரூன் ஆகிய நான்கு நாட்டு எல்லைகள் கூடுமிடத்தில் உள்ள நன்னீர் ஏரி. இதற்கு வரும் நீரில் பத்தில் ஒன்பது பங்கைச் சாரி, லோகோன் ஆறுகள் தருகின்றன. ஏரி மிகவும் ஆழமற்றது. அதனால் மழை சற்றே பொய்த்தாலும் கரை பல கிலோமீட்டர் பின்வாங்கிவிடும்.

ஏறி இறங்கும் இந்த நீரோடு சேர்ந்து வாழக் கரையோர மக்கள் நெடுங்காலமாகக் கற்றிருந்தார்கள். ஒரே குடும்பம் நீர் பெருகும்போது மீன் பிடிக்கும், வடிந்த ஈர நிலத்தில் சோளமும் காராமணியும் விதைக்கும், பிறகு அங்கேயே மாடு மேய்க்கும். தீவுகளில் வாழும் புதுமா மக்களின் கூரி இன மாடுகள், பருத்த கொம்புகளோடு தீவுக்குத் தீவு நீந்திச் செல்லும். கானெம்பு பெண்கள் நீர்க் குட்டைகளில் படரும் ஸ்பைருலினா பாசியை அள்ளி, மணலில் அடையாகக் காயவைத்துச் சந்தையில் விற்பார்கள். குழம்பில் கரைத்து உண்ணும் இந்தப் பாசி அடைக்கு 'திஹே' என்று பெயர். யார் எப்போது எங்கே இறங்கலாம் என்பதை ஊர்த் தலைவர்கள் தீர்மானித்தனர்.

1960-களில் ஏரியின் பரப்பு சுமார் 25,000 சதுர கிலோமீட்டர். 1972-73, 1983-84 வறட்சிகளுக்குப் பின் அதில் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. நைஜீரியா பெரும் பொருட்செலவில் அமைத்த தெற்குச் சாட் பாசனத் திட்டத்தின் கால்வாய்க்கு நீர் எட்டவில்லை. நைஜீரிய மீனவர்களும் உழவர்களும் பின்வாங்கிய நீரைத் தொடர்ந்து கேமரூன் எல்லைக்குள் தாரக் முதலிய ஊர்களில் குடியேறினர். அவர்களுக்குப் பின்னால் நைஜீரிய நிர்வாகமும் வந்தது. வழக்கு பன்னாட்டு நீதிமன்றம் வரை போய், 2002-இல் அந்த ஊர்கள் கேமரூனுக்கே உரியவை என்று தீர்ப்பானது.

ஏரி வற்றியதால்தான் போகோ ஹராம் என்னும் ஆயுதக் கிளர்ச்சி இயக்கம் பிறந்தது என்பது பொருந்தாது. ஏரி மிகவும் சுருங்கியது 1980-களின் நடுவில். நைஜீரியாவின் மைதுகுரி நகரில் கிளர்ச்சி வெடித்ததோ 2009-இல், ஏரி ஓரளவு மீண்டிருந்தபோது. ஆனால் ஏரி சுருங்கியதால் வேலையற்றுப்போன இளைஞர்களைச் சேர்ப்பது கிளர்ச்சியாளருக்கு எளிதாயிற்று. கிளர்ச்சியாளருக்குப் பணம் போகாமல் தடுக்க நைஜர் அரசு மீன், மிளகாய் வணிகத்துக்கு விதித்த தடை, அவற்றையே நம்பியிருந்த குடும்பங்களைத்தான் முதலில் வாட்டியது.

ஏரிக்குத் தெற்கே, கேமரூனின் லோகோன்-பிர்னி பகுதியில், மீன் பிடிக்க நீரைத் தேக்கும் கால்வாய்களை முஸ்கும் மக்கள் வெட்டினர். அவற்றில் மாடுகள் விழுந்து சாவதாக அரபு மேய்ப்பர்கள் எதிர்த்தனர். 2021 ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மோதல் மூண்டு, சுமார் 80,000 பேர் லோகோன் ஆற்றைக் கடந்து சாட் நாட்டில் தஞ்சம் புகுந்தனர்.