கண்ணனும் கிருஷ்ணனும்

ஓரிக்கைக்கு அந்தப் பெயர் வந்த கதையைக் காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். தன்னைப் பாடச் சொன்ன பல்லவ அரசனிடம் முடியாது என்றார். ஊரைவிட்டுப் போ என்று உத்தரவாயிற்று. சீடர் போனால் குருவுக்கு அங்கே என்ன வேலை? ஆழ்வாரும் கிளம்பினார். அவர் சொன்னாரென்று திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்துவிட்டார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அதுதான் தேய்ந்து தேய்ந்து ஓரிக்கை ஆயிற்றாம்.

ஊர்ப் பெயர் இருக்கட்டும். எனக்கு அந்தச் சீடரின் பெயர்மேல்தான் ஆசை. கணி என்றால் சோதிடம் கணிப்பவர். கணியன் பூங்குன்றனார் பெயரில் இருப்பதும் அதுவே. அதைக் 'கனி' என்று எழுதி மனிதரைப் பழமாக்கிவிடுகிறவர்களும் உண்டு. சரி, கண்ணன்?

என் சித்தப்பாவுக்கு அந்தப் பெயர்தான் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார், "கண்ணன் என்பது வீட்டில் கூப்பிடுவது. சரியான பெயர் கிருஷ்ணன்" என்று சொல்லி அப்படியே எழுதிக்கொண்டார். வீட்டுப் பத்திரத்தில் கண்ணன், சர்ட்டிபிகேட்டில் கிருஷ்ணன். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்து முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பதற்குள் சித்தப்பாவுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

வாத்தியார் நினைத்ததுபோல் கண்ணன் ஒன்றும் கொச்சை அல்ல. வடமொழிக் கிருஷ்ணன் பிராகிருதத்தில் 'கண்ஹ' ஆயிற்று. நாசிக் குகைக் கல்வெட்டிலே சாதவாகன அரசன் ஒருவன் பெயரே அப்படித்தான் வெட்டியிருக்கிறது. அங்கிருந்து தமிழுக்கு வந்தபோது ஹகாரம் உதிர்ந்து கண்ணன். விஷ்ணுசித்தன் விட்டுசித்தன் ஆனதுபோல இதுவும் முறையான மாற்றம். கிருஷ்ணன் என்றால் கரியவன். ஆனால் தமிழ்க் காதுக்குக் கண்ணன் என்றதும் கண் அல்லவா கேட்கிறது? அதனால்தான் அந்த வடிவம் நம்மிடம் இப்படி ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

காஞ்சிக்கு இந்தப் பெயர் புதிதல்ல. அங்கே ஆண்ட இளந்திரையன்மேல் பெரும்பாணாற்றுப்படை பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அந்தக் கண்ணன் கோகுலத்துக் கண்ணனா, உருத்திரனின் கண்ணா என்று பண்டிதர்கள் வேண்டுமானால் சண்டை போட்டுக்கொள்ளட்டும். 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராஜாதித்தனை வீழ்த்திய இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன். தொண்டைநாட்டுக் கல்வெட்டுகள் அவனைக் கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன் என்கின்றன. கன்னடத்துக் கன்னரன் அவன். றன்னகரத்தோடு வந்து ஊரைப் பிடித்தான். மூன்று சுழி ணகரக் கண்ணனோ ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர். எனக்கென்னவோ இவர்தான் பெரியவராகத் தோன்றுகிறது.

பெருமாள் தப்பவில்லை. ஆழ்வார் சொன்னபடி போய், சொன்னபடி திரும்பி வந்த அவருக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். அதற்கும் ஒரு 'சரியான' வடிவம் உண்டு: யதோக்தகாரி. என்றாலும் பெருமாளை யாரும் முத்திரைத்தாள் கேட்பதில்லை.

கிருஷ்ணன் மட்டும் நிலையாக நின்றானா? தனித்தமிழ்க்காரர் கையில் கிருட்டிணன்; அக்கிரகாரத்தில் கிட்டு, கிச்சா. வெள்ளைக்காரன் ஆற்றையும் ஜில்லாவையும் கிஸ்ட்னா என்று எழுதினான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் எழுத்தில் கிருஷ்ணசாமி கிச்செனஸ்ஸாமி ஆனார். இப்போது சித்தப்பாவின் பேரன் கிரிஷ். வீட்டில் கூப்பிடுவது என்னவோ கண்ணா என்றுதான்.