ஸ்கிரீம் பிளடி கோர்

ஸ்கிரீம் பிளடி கோர் என்பது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த டெத் என்னும் இசைக்குழுவின் முதலாவது முழுநீள இசைத்தொகுப்பு ஆகும். இது 1987 மே மாதத்தில் காம்பாட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. டெத் மெட்டல் இசைவகையின் தொடக்ககாலப் படைப்புகளுள் முதன்மையான ஒன்றாக இது கருதப்படுகிறது.

வரலாறு

சக் ஷுல்டினர் 1983 இல் மேன்டாஸ் என்ற பெயரில் தொடங்கிய குழு 1984 இல் டெத் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இத்தொகுப்பிற்காகப் புளோரிடாவில் மேற்கொள்ளப்பட்ட முதல் ஒலிப்பதிவு நிறைவளிக்காமையால் கைவிடப்பட்டது. பின்னர் 1986 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ராண்டி பர்ன்ஸ் தயாரிப்பில் மீண்டும் பதிவு செய்யப்பட்டது. குரல், கிட்டார், பேஸ் கிட்டார் ஆகிய அனைத்தையும் அப்போது 19 வயதினரான ஷுல்டினரே கையாண்டார். டிரம்ஸ் வாசித்தவர் கிறிஸ் ரைஃபர்ட். ஜான் ஹேண்ட் என்பவரின் பெயர் கிட்டார் கலைஞராக உறையில் இடம்பெற்றபோதிலும், அவர் இதில் வாசிக்கவில்லை. அட்டை ஓவியத்தை எட் ரெப்கா வரைந்தார்.

உள்ளடக்கம்

மூல இசைத்தட்டில் 10 பாடல்கள் உள்ளன. இவற்றுட் பல திகில் திரைப்படங்களைத் தழுவியவை. "ஈவில் டெட்" என்ற பாடல் 1981 இல் வெளியான அதே பெயருடைய திரைப்படத்தையும், தலைப்புப் பாடல் 1985 இல் வெளியான ரீ-அனிமேட்டர் திரைப்படத்தையும் அடியொற்றியவை.

நிறைகள்

வேகமும் முரட்டுத்தன்மையும் மிகுந்திருந்தாலும், ஒவ்வொரு கிட்டார் மெட்டும் தெளிவாகக் கேட்கிறது. "சோம்பி ரிச்சுவல்", "ஈவில் டெட்" ஆகியவற்றின் தொடக்கத்தில் வரும் இன்னிசை இழைகள் பாடலுக்கு அச்சவுணர்வை ஊட்டுகின்றன. தலைப்பையே மீண்டும் மீண்டும் முழங்கும் பல்லவிகள் எளிதில் மனத்தில் பதிபவை. ஷுல்டினரின் கரகரத்த அலறல், அக்காலத் திராஷ் மெட்டல் பாடகர்களின் குரலினின்றும் வேறுபட்டது.

குறைகள்

பாடல்களின் அமைப்பும் வேகமும் பெரிதும் ஒத்திருப்பதால் பிற்பகுதியில் சலிப்புத் தட்டக்கூடும். டிரம்ஸ் வாசிப்பு உறுதியானது எனினும் எளிமையானது. பாடல் வரிகள் குருதியையும் சிதைவையும் காட்சிகளாக அடுக்குகின்றனவேயன்றி, அச்சத்தின் காரணத்தை ஆராய்வதில்லை. அவை பதின்ம வயதினரின் திரைப்பட ஆர்வத்தையே பிரதிபலிக்கின்றன. ஷுல்டினரும் இவ்வகைக் கருப்பொருளில் நிலைத்துவிடவில்லை. 1990 இல் வெளிவந்த ஸ்பிரிச்சுவல் ஹீலிங் தொகுப்பு சமூகச் சிக்கல்களைப் பேசியது. 1991 இல் வெளிவந்த ஹியூமன் இசையிலும் சிக்கலான நுட்பங்களைக் கொண்டிருந்தது.

தாக்கம்

இதுவே முதலாவது டெத் மெட்டல் தொகுப்பு என்று சிலர் கொள்வர். பொசெஸ்ட் குழுவின் செவன் சர்ச்சஸ் (1985) முந்தியது என்பது வேறு சிலரின் கருத்து. அத்தொகுப்பையும் ராண்டி பர்ன்ஸே தயாரித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. முந்தியது எதுவாயினும், இவ்விசைவகை திராஷ் மெட்டலிலிருந்து பிரிந்து தனி உருப்பெற்றதை ஸ்கிரீம் பிளடி கோரில் தெளிவாகக் காணலாம். ரைஃபர்ட் 1987 இல் ஆட்டோப்சி என்ற குழுவைத் தோற்றுவித்துத் திகில் கருப்பொருளைத் தொடர்ந்தார். ஷுல்டினர் 2001 டிசம்பர் 13 அன்று தமது 34 ஆவது வயதில் காலமானார்.