நாயக்கர் மாளிகைகளும் அருங்காட்சியகங்களும்: மம்சாபுரம் முதல் மதுரை வரை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே அமைந்த பேரூராட்சி மம்சாபுரம். சனி, ஞாயிறு விடுமுறையில் சிற்பமும் பழம்பொருளும் பார்க்க விரும்பும் இவ்வூராருக்கு இரண்டு வகை இடங்கள் உண்டு. வழிபாடு நடக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் ஒன்று. அங்கிருந்து ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவில் உள்ள மதுரை அருங்காட்சியகங்கள் மற்றொன்று. இரண்டிலும் நாயக்கர் காலத்தின் முத்திரை அழுத்தமாக உண்டு. கோயிலில் அக்கலை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மதுரையில் அக்காலக் கட்டடங்களே காட்சிக்கூடங்களாகிவிட்டன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி கோயிலின் இராஜகோபுரம் 11 நிலைகளும் 192 அடி உயரமும் கொண்டது. அக்கோயிலின் கோபால விலாசத்து விதானத்தில் புராணக் காட்சிகள் மரத்தில் செதுக்கப்பட்டுள்ளன. ஆண்டாள் கோயில் மண்டபங்களில் நாயக்கர் காலத் தூண் சிற்பங்களும் யாளிகளும் நிற்கின்றன. ஆடிப்பூரத்தில் ஓடும் பெரிய தேரும் மரச்சிற்ப வேலைக்குப் பேர்போனது. ஆண்டாளின் கையில் வைக்கும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது: மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் அலகு, கட்டுவதற்கு வாழைநார். மறுநாள் வேறு கிளி வந்துவிடும். இங்கே காக்கப்படுவது பொருளன்று, செய்யும் முறை.

இவ்வூரை மதுரையோடு இணைத்தவர்களில் முதன்மையானவர் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659). அவர் பெயரால் வழங்கும் மகால் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு. ஆண்டாளுக்கு உச்சிக்கால பூசை முடிந்ததும் வழிநெடுக இருந்த மண்டபங்களில் மணி மாறி மாறி ஒலித்து மதுரைக்குச் செய்தி சேரும், அதன் பிறகே மன்னர் உணவருந்துவார் என்பது செவிவழிச் செய்தி.

மதுரையில் அவர் 1636இல் எழுப்பிய அரண்மனை, செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும் கொண்டு கட்டப்பட்டது. அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, இதன் பெரும்பகுதி பிரிக்கப்பட்டு அங்கே கொண்டுபோகப்பட்டதாகக் கூறுவர். சொர்க்க விலாசமும் நாடகசாலையும் உள்ளிட்ட ஒரு பகுதியே எஞ்சியது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். பின்னர் நீண்ட காலம் நீதிமன்றம் அங்கே இயங்கியது. இன்று அது தமிழக அரசின் தொல்லியல் துறை வசம் உள்ளது. நாடகசாலையில் கற்சிற்பங்களும் பிற தொல்பொருள்களும் வைக்கப்பட்டுள்ளன.

அருங்காட்சியகம் என்ற அமைப்பு தென்மாவட்டங்களுக்குத் தாமதமாகவே வந்தது. சென்னை அருங்காட்சியகம் 1851இல் எட்வர்டு பால்ஃபரின் பொறுப்பில் தொடங்கியது. மண்ணில் கிடைக்கும் பழம்பொருள்களை அரசு கையகப்படுத்த வழிசெய்த புதையல் சட்டம் 1878இல் வந்தபின், ஊர்ப்புறங்களில் தோண்டும்போது வெளிப்பட்ட செப்புத் திருமேனிகள் பல எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்துக்குச் சென்றன. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் எடுத்தவை பெர்லினுக்கும், பின்னர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னைக்கும் போயின. தம் வட்டாரத்துப் பொருளைப் பார்க்கத் தென்பாண்டி நாட்டார் சென்னைக்கு ரயிலேற வேண்டிய நிலை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1910இல் தனக்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்துக்கொண்டது. தஞ்சை அரண்மனையில் கலைக்கூடம் 1951இல் பிறந்தது.

மதுரையில் அருங்காட்சியகத்துக்கு இடம் கொடுத்தது இன்னொரு நாயக்கர் மாளிகை. இராணி மங்கம்மாளோடு தொடர்புடைய தமுக்கம் அரண்மனையில் அமைந்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தை ஜவாஹர்லால் நேரு 15.4.1959 அன்று திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி அங்கே உள்ளது. 1921 செப்டம்பரில் அவர் அரையாடைக்கு மாறியதும் மதுரையில்தான். அதே வளாகத்தில், ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த 1981இல் அரசு அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. மீனாட்சியம்மன் கோயிலில், 16ஆம் நூற்றாண்டில் அரியநாத முதலியார் கட்டிய ஆயிரங்கால் மண்டபமும் கலைக்கூடமாகியுள்ளது. அதில் உள்ளவை 985 தூண்கள். குறத்தி, இரதி, மன்மதன் சிலைகளைத் தாங்கிய அந்தத் தூண்களே அங்கே முதன்மைக் காட்சிப் பொருள்கள்.

அண்மையில் போக்கு மாறியது: பொருள் கிடைத்த இடத்தின் அருகிலேயே அதைக் காட்டும் முறை வலுப்பெற்றது. கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில் புதிதாகக் கட்டப்பட்டு, 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை அகழாய்வு 2022இல் தொடங்கியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள் வெளிப்பட்டன.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மதுரைக்குமான பிணைப்பு வழிபாட்டில் இன்றும் தொடர்கிறது: சித்திரைத் திருவிழாவில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை மதுரைக்கு வருகிறது. தமுக்கத்தை அடுத்த தல்லாகுளத்தில் அதை அணிந்துகொண்டே கள்ளழகர் வைகையில் இறங்குகிறார்.