முதல் கியரின் முனகல்

சென்ற ஆவணி மாதத்தில் பத்மநாபபுரம் கோட்டைக்குள் குடியிருக்கும் நண்பர் ஒருவர் அழைத்திருந்தார். பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கியிருக்கிறார். 1964-ஆம் ஆண்டு வண்டி, ‘ஒரிஜினல்’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். தமிழ் வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். என் தாய்மாமா தக்கலையில் டாக்சி ஓட்டியவர். பள்ளி விடுமுறைகளில் அவரருகே முன்னிருக்கையில் அமர்ந்து கற்ற பாடங்களில் சில, பின்னாளில் முதுகலை வகுப்பில் கற்றவற்றைவிட ஆழமாக மனத்தில் தங்கிவிட்டன.

பானெட்டைத் திறப்பதற்கு முன்பே எனக்கு ஐயம் வந்துவிட்டது. கியர் தடி தரையிலிருந்து முளைத்திருந்தது. முன்னோக்கி ஐந்து கியர்கள். அறுபதுகளின் அம்பாசடரில் தடி ஸ்டியரிங் தண்டில் இருக்கும். ஓட்டுநர்கள் ‘ஹேண்ட் கியர்’ என்பார்கள். முன்னோக்கி நான்கே கியர்கள். தடி தரையில் இல்லாததால்தான் முன்னிருக்கை பலகைபோல நீண்டிருந்தது. ஓட்டுநரோடு மூவர் அதில் நெருக்கி உட்கார முடிந்தது. தரையில் தடியும் ஐந்து கியர்களும் அம்பாசடருக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1800 சி.சி. எஞ்சினோடு. நண்பரின் வண்டியில் உடல் அறுபதுகளைச் சேர்ந்தது. எஞ்சினும் கியர்பெட்டியும் முப்பதாண்டு இளையவை. சுவடியியலில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: இடைச்செருகல்.

பழைய கியர்பெட்டியைக் கண்டறியக் கண்ணைவிடக் காதும் கையும் உதவும். அம்பாசடரின் மூலவடிவம் 1956-இல் பிரிட்டனில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. அதன் பெட்டியில் இரண்டு, மூன்று, நான்காம் கியர்களுக்கு மட்டுமே சின்க்ரோமெஷ் உண்டு. கியர் பற்கள் கோர்க்கும் முன் இரு பக்கத்தின் சுழல்வேகத்தையும் உராய்வால் சமன்செய்யும் ஏற்பாடு அது; 1928-இல் அமெரிக்காவில் காடிலாக் நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது. முதல் கியருக்கு அந்த உதவி கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்க முயன்றால் பற்கள் கறகறவென்று சண்டையிடும். ஆகவே நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, மீண்டும் கிளட்சை அழுத்திக் கியரைப் போடவேண்டும். மாமா இதை ‘டபுள் கிளட்ச்’ என்பார். ஏற்றத்தில் சத்தமில்லாமல் அதைச் செய்பவரே அவருடைய கணக்கில் டிரைவர். மற்றவர்கள் வண்டி ஓட்டுகிறவர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஒலி. மற்ற கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை, அமைதியாக ஓடும். முதல் கியரும் ரிவர்ஸும் நேராக வெட்டிய பற்கள்; பல்லும் பல்லும் முழு அகலத்தில் மோதுவதால் ஒரு முனகல் எழும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தப் பெட்டியை அடையாளம் சொல்லிவிடலாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம் நாட்டில் கியர்பெட்டி சொல்வது வடிவமைப்பின் வயதையே. வண்டியின் வயதை அல்ல. இதே குடும்பத்துப் பெட்டியைக் கொண்ட பிரிட்டனின் எம்.ஜி.பி ஸ்போர்ட்ஸ் காருக்கு 1967-லேயே முதல் கியரிலும் சின்க்ரோமெஷ் வந்துவிட்டது. போட்டியற்ற, உரிமங்களால் வேலியிடப்பட்ட நம் சந்தையில் உத்தர்பாரா தொழிற்சாலை பழைய பெட்டியையே எண்பதுகளிலும் வார்த்துக்கொண்டிருந்தது. நூலின் காலம் வேறு, ஏட்டின் காலம் வேறு என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிவருகிறேன். சங்கப் பாடலை நூறு, இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஓலையில்தானே படிக்கிறோம்? முனகுகிற முதல் கியரை மட்டும் நம்பி ‘ஐம்பதுகளின் வண்டி’ என்று முடிவுகட்டுவதும் அதே பிழைதான்.

எதிர்த்திசையிலும் ஏமாற இடமுண்டு. முதல் கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தால் புதிய பெட்டி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஐம்பதுகளில் சென்னையில் பூட்டப்பட்ட ஸ்டாண்டர்டு வேன்கார்டுக்கு மூன்றே கியர்கள், மூன்றுக்கும் சின்க்ரோமெஷ். அதே நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த ஹெரால்டுக்கோ தரையில் தடி, நான்கு கியர்கள், முதலாவதுக்குச் சின்க்ரோமெஷ் இல்லை. பின்னால் வந்தது பின்தங்கியிருக்கிறது! பம்பாயின் ஃபியட் 1100, பிற்காலத்துப் பத்மினி ஆகியவை ஹேண்ட் கியர் வண்டிகள். மலைத்தோட்டங்களில் உழைத்த ஜீப்புகளில் பிரச்சினை எளிது. போருக்குப் பிந்தைய வில்லிஸ் பெட்டியின் இரும்பிலேயே ‘டி-90’ என்று வார்த்திருப்பார்கள். துருவைச் சுரண்டினால் போதும்.

நண்பரின் வண்டிக்குத் திரும்புகிறேன். ஸ்டியரிங் தண்டில் பழைய தடியைத் தாங்கிய இடத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தார்கள். நகத்தால் தட்டினால் ஒலி மாறியது. தரை விரிப்பைத் தூக்கினால், புதிய தடிக்காகக் கேஸ் வைத்து வெட்டிய துளையின் கரடுமுரடான விளிம்பு. மாற்றியவர்மீது எனக்குக் கோபமில்லை. டாக்சி ஓட்டியே குடும்பம் நடத்தியவராக இருந்திருப்பார். ஐந்தாம் கியர் நெடுஞ்சாலையில் எரிபொருளை மிச்சப்படுத்தும். மறைத்து விற்றவர்மீதுதான் கோபம். திருத்தியதைத் திருத்தினேன் என்று எழுதிவைக்கும் பதிப்பாசிரியரை மன்னிக்கலாம். மூலபாடம் என்று சாதிப்பவரை எப்படி மன்னிப்பது? உத்தர்பாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டது. இனிமேல் ஒவ்வொரு பழைய பெட்டியும் இரும்புக்கடைக்குப் போவது ஓர் ஏடு அடுப்புக்குப் போவதற்கு ஒப்பு.

நண்பர் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. நான்கு கியர் பெட்டி ஒன்றைத் தேடத் தொடங்கியிருக்கிறார். சென்ற வாரம் நாகர்கோவிலில் ஒரு பழைய இரும்புக்கடையில் மூடியில்லாமல் ஒன்று கிடந்தது. உள்ளே மழைநீர், தேய்ந்த முதல் கியர். பற்கள் நேராக இருந்தன. எடைக்கு விலை சொன்னார் கடைக்காரர்.