வன்னியின் விளக்கும் விமலசுரேந்திராவின் கனவும்

அரசர்கள் வெட்டிய குளங்களை நம் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஆனால், நீரை ஒளியாக மாற்றத் துணிந்தவர்களைப் பற்றி அவை ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன. குளத்து நீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கப் பழகிய வன்னி மக்களாகிய நாம், மின்சாரத்தைப் பற்றியும் அதே கேள்வியை எழுப்ப வேண்டியவர்களாவோம். அக்கேள்வியை எழுப்புவதற்கு, இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை எனப் போற்றப்படும் டி. ஜே. விமலசுரேந்திராவின் வாழ்க்கையே தகுந்த வாயிலாக அமைகின்றது.

1874ஆம் ஆண்டு காலியிலே, கைவினைத் தொழிலில் பெயர்பெற்ற குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தொழில்நுட்பக் கல்வி பெற்று, பொதுவேலைப் பகுதியில் கீழ்ப்படியிலிருந்து உயர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று மின்பொறியியலும் பயின்றார். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்கில் பொன் கிடைக்குமா என்று பார்த்துவருமாறு குடியேற்ற அரசு அவரை அனுப்பியது. பொன்னைத் தேடிப் போனவர் கண்டது அபர்டீன், லக்சபானா நீர்வீழ்ச்சிகளை. மலையிலிருந்து இரவும் பகலும் வீணே விழுந்துகொண்டிருந்த அந்நீரே இந்நாட்டின் உண்மையான பொன் என்று அவர் முடிவுசெய்தார்.

அது வெறுங்கனவன்று. 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில் சிறிய நீர்மின் நிலையமொன்று எழுந்தது; நுவரெலியா நகரம் அதனால் ஒளிபெற்றது. 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன்னே, இலங்கையின் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றி அவர் ஓர் ஆய்வுரையைப் படித்தார். நம் ஆறுகளின் வலுவைக் கொண்டே கைத்தொழிலை வளர்க்கலாம், இரயிலை ஓட்டலாம் என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டுகளின் பின், 1920இல், சோவியத் நாடு தன் மின்மயமாக்கற் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டுக்கும் இடையில் இருந்த வேறுபாடு அறிவின் வேறுபாடன்று. அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதே வேறுபாடு.

இங்கே அதிகாரம் அந்நியர் கையில் இருந்தது. கொழும்பில் மின்சாரத்தைத் தொடக்கிவைத்ததே பௌஸ்டட் என்னும் ஆங்கில வணிகக் குழுமந்தான். விடுதிகளுக்கும், பங்களாக்களுக்கும், டிராம் வண்டிகளுக்கும் வேண்டிய மின்சாரம் கிடைத்தாற் போதும் என்பதே அன்றைய நிலை. 1920களில் தொடங்கப்பெற்ற லக்சபானா வேலை இடைநடுவிலே நிறுத்தப்பட்டது. ஆனால் கொலன்னாவையில் எரிபொருளை எரித்து இயங்கும் ஸ்டான்லி மின் நிலையம் எழுந்தது. கப்பலேறி வரும் எரிபொருளுக்குப் பணம் உண்டு, மலையிலிருந்து இலவசமாக இறங்கும் நீருக்கு இல்லை என்பது எந்தக் கணக்கு?

மனம் சலித்த விமலசுரேந்திரா அரச சேவையை விட்டு நீங்கினார். 1931இல் சர்வசன வாக்குரிமையின் முதல் தேர்தலில் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று, அங்கும் தம் திட்டத்துக்காக வாதாடினார். ஈற்றில் 1950இல்தான் லக்சபானா மின்சாரம் தந்தது. ஆய்வுரை வாசிக்கப்பட்டபின் 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. 1953இல் அவர் மறைந்தார். 1965இல் நோர்ட்டன் பிரிட்ஜில் எழுந்த மின் நிலையத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

இதே காலத்தில் அமெரிக்காவிலே வேறொருவருடைய வாழ்க்கை வேறு விதமாக நிகழ்ந்தது. லண்டனிற் பிறந்து, 1881இல் எடிசனின் செயலாளராகச் சென்ற சாமுவேல் இன்சல், சிக்காகோ மின்கம்பனியின் தலைவராகி, பல மாநிலங்களில் மின்சாரப் பேரரசு ஒன்றைக் கட்டினார். பாவனை கூடக் கூட விலை குறையும் என்பதைக் கண்டுகொண்ட கூர்மதி அவருடையது. ஆயினும் கம்பனிமேல் கம்பனியாக அடுக்கிய அந்தக் கோபுரம் 1932இல் சரிந்தபோது, சிறு முதலீட்டாளர் பலருடைய சேமிப்பும் அதனோடு அழிந்தது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1938இல் பாரிசில் இறந்தார். அத்தனை வல்லமையிருந்தும், அந்நாட்டுப் பண்ணைகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்றே அப்போது மின்சாரம் பெற்றிருந்தது. இலாபம் வழிகாட்டும்போது கம்பி, பணம் இருக்கும் திசைக்கே செல்லும். கிராமத்துக்கு மின்சாரம் கொண்டுசெல்ல 1935இல் அரசே முன்வர வேண்டியிருந்தது.

ஆனால் அரசின் கையில் இருந்தால் மட்டும் போதுமா? நம் நாட்டின் மலையைப் பார்ப்போம். லக்சபானா நீர் விழும் மலைகளிலே தேயிலை பறித்தோர் தமிழ்த் தொழிலாளர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1960களில் மவுசாகலை நீர்த்தேக்கத்திற்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. கோடை கடுமையாகும்போது அதன் கோயில் இன்றும் வெளித்தெரிகின்றது. அங்கே பிறந்த மின்சாரம் கொழும்புக்குப் போன காலத்தில், லயங்களிலே எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களால் துரத்தப்பட்டு அம்மக்களிற் பலர் வன்னிக்கு வந்தனர். தருமபுரம், மலையாளபுரம், பாரதிபுரம் என்று காட்டை வெட்டி ஊராக்கினர். இங்கும் அவர்களை வரவேற்றது இருளே. 1990இன் பின் போரும் பொருளாதாரத் தடையும் வன்னியை மின்சாரத்திலிருந்து அறுத்தெறிந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலிலே பஞ்சுத்திரி இட்டு, சொட்டு மண்ணெண்ணெயில் பரீட்சைக்குப் படித்தோம். 2009இல் போர் முடிந்த பின்னரே, வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியே உயர்அழுத்தக் கம்பிகள் வடக்கு நோக்கி மீண்டும் சென்றன.

இன்று வன்னிக்கு மின்சாரம் வருவதோடு, வன்னியின் காற்றையே விலைபேச வருகின்றார்கள். மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்கும் திட்டம், போட்டிக் கேள்விப்பத்திரம் கோரப்படாமலே இந்தியாவின் அதானிக் குழுமத்துக்கு வழங்கப்பட்டது. 2022 ஜூன் மாதத்தில், இலங்கை மின்சார சபையின் அன்றைய தலைவர், இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி தம்மிடம் கூறினார் என்று பாராளுமன்றக் குழு முன் சொன்னார். ஜனாதிபதி அதை மறுத்தார். தலைவரும் தம் சொல்லை மீளப்பெற்றுச் சில நாட்களிலே பதவி விலகினார். 2025 பெப்ரவரியில் அக்குழுமமே திட்டத்திலிருந்து விலகியது.

விமலசுரேந்திரா 1918இல் பொறியியலாளர் முன் கணக்கோடு நின்றார். மக்கள் முன் அக்கணக்கு நெடுநாள் வைக்கப்படவில்லை. நூறாண்டுக்குப் பின்னரும் பூநகரியின் காற்றைப் பற்றிய முடிவு பூநகரி மக்களைக் கேளாமலே எடுக்கப்பட்டது. ஒரு மின் நிறுவனத் தலைவரின் பெருமையை அவர் கட்டிய அணையின் உயரத்தைக் கொண்டு அளக்கலாகாது. கம்பி கடைசியாக எந்த வீட்டுக்குச் சென்றது, அந்த வீட்டாருக்கு அதுபற்றிச் சொல்ல உரிமை இருந்ததா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். அக்கேள்வியை நம் மாணவர் பாடமாகப் பயிலட்டும். விடை சொல்ல வேண்டியவர்கள் பதவியில் இருப்போர்.